மொழி கல்லாத் தொண்டு

2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இடையில், அந்தமான் தீவுகளைச் சார்ந்த வட செண்டினல் தீவின் மணற்கரையில், சான் ஆலன் சௌ என்னும் அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை இருபத்தாறு. அவர் கள்ளரல்லர், வணிகரல்லர், நிலங் கவர வந்தவருமல்லர். தாம் மெய்யெனக் கொண்ட ஏசுபெருமானின் நற்செய்தியை, அதனைக் கேட்டேயிராத மக்கட்குச் சொல்லிவிடல் வேண்டும் என்னும் ஒரே வேட்கையால் உந்தப்பெற்று உயிரைப் பணயம் வைத்தவர். அவர் இறந்த செய்தி பரவியதும் ஒருசாரார் அவரைப் பெரும் ஈகியர் என்று ஏத்தினர். மற்றொரு சாரார் வெறியர் என்றும் பேதை என்றும் எள்ளினர். ஏத்தலும் எளிது, எள்ளலும் எளிது. யாம் அவ்விரண்டும் செய்யப் புகவில்லை. ஓர் இளைஞர் கடலும் மலையுங் கடந்து, நெடுந்தொலைவிலுள்ள ஏழை மக்களிடைச் சென்று, உங்களை மீட்க வந்தேன் என்று சொல்லும்போது, அச்சொல் எந்த மொழியிற் சொல்லப்படுகின்றது என்னும் ஒரு வினாவையே இவ்வுரையில் எடுத்துக்கொள்கின்றோம்.

நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சௌ ஒரு நாளில் எழுந்த உணர்ச்சியாற் புறப்பட்டவரல்லர். பல்லாண்டு அத்தீவையே எண்ணியிருந்தவர். நோய் கொண்டு சென்றுவிடலாகாதே என்று தடுப்பூசிகள் இட்டுக்கொண்டார்; சில நாள் தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்டார்; மொழியியற் பயிற்சியும் சிறிது பெற்றார். கான்சாசு நகரத்து விடையூழிய அமைப்பொன்று அவர்க்குப் பயிற்சியளித்தது. அப்பயிற்சியுள் ஒன்று நம்மைத் திகைக்க வைக்கின்றது. போலிச் சிற்றூர் ஒன்றை அமைத்து, உடன் தொண்டு செய்வோரே பழங்குடி மக்கள்போல நடித்து, போலி வேல்களோடு அவரை எதிர்கொண்டனராம். எந்த மக்களிடம் போகின்றாரோ அம்மக்களை ஒருநாளும் கண்டிராதவர்கள், அவர்கள் இப்படித்தான் இருப்பர் என்று தாமே புனைந்து, அப்புனைவைத் தாமே ஆடிக் காட்டி, அதனைப் பயிற்சி என்று பெயரிட்டழைத்தனர்!

அதன்பின் அவர் அந்தமானுக்கு வந்தார். மீனவர் சிலர்க்கு ஏறத்தாழ 25,000 உருபா கொடுத்து, நவம்பர் 14 ஆம் நாள் இரவில், கடற்காவலர் கண்ணிற்படாமல் அத்தீவை அணுகினார். அத்தீவின் கரையினின்று ஐந்து கடற்கல் தொலைவுக்குள் எவரும் நெருங்கலாகாது என்பது சட்டம். அப்பழங்குடியினரைக் காத்தற்கென 1956 ஆம் ஆண்டிலேயே விதிமுறை வகுக்கப்பட்டுள்ளது. மறுநாட் காலை மீனும் கால்பந்தும் கத்தரிக்கோலும் ஊக்குகளும் ஏந்தி, சிறு துடுப்புத் தோணியிற் கரையை நெருங்கினார். தம் பெயரைச் சொல்லி, தாம் அவர்கள்மேல் அன்புடையவர் என்றும், ஏசுவும் அவர்கள்மேல் அன்புடையவர் என்றும் கூவினார். ஆங்கிலத்திற் கூவினார். அவர்கள் வில்லில் நாணேற்றக் கண்டு திரும்பினார், மீண்டும் போனார். அவர்கள் எழுப்பிய ஒலிகளை அவ்வாறே தாமும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நகைத்தனர். தம்மை இழித்துரைத்தே நகைத்திருப்பர் என்று அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சிறுவன் ஒருவன் விட்ட அம்பு, அவர் நெஞ்சருகே பிடித்திருந்த விவிலியத்திற் பாய்ந்தது. 16 ஆம் நாள், படகைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு மீண்டுங் கரையேறினார். 17 ஆம் நாட் காலையில், ஓர் உடலைக் கரைவழியே இழுத்துச் சென்று புதைத்ததை மீனவர் தொலைவினின்று கண்டனர்.

அவர்க்குத் துணைநின்ற மீனவர் உள்ளிட்ட எழுவர் காவலராற் பிடிக்கப்பட்டனர். அவ்விளைஞரின் குடும்பத்தார், தம் மகனைக் கொன்றாரைப் பொறுத்ததாகவும், பிடிபட்டோரை விடுவிக்குமாறும் வேண்டிக்கொண்டனர். அப்பெருந்தன்மையை யாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம். எனினும், கூலிக்கு வந்த ஏழை மீனவர் வழக்கில் அகப்பட்டு அலைந்தமையை நற்செய்தித் தொண்டின் கணக்கில் எவரும் எழுதுவதில்லை என்பதையும் சொல்லாதிருத்தல் இயலாது.

அந்நகைப்பை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். அக்கரையில் நிகழ்ந்தவற்றுள் உண்மையான உரையாட்டு என்று சொல்லத்தக்கது அஃதொன்றே. கரையில் நின்றாரிடம் ஒரு மொழி இருந்தது. இலக்கணமும் சொல்வளமும் நகைச்சுவையுமுள்ள முழுமொழி அது. தோணியில் நின்றாரிடமும் ஒரு மொழி இருந்தது. இடையில் ஒன்றுமில்லை. அண்டையிலுள்ள ஓங்கேயர் மொழியுங்கூட அத்தீவினர்க்கு விளங்கவில்லை என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. அவ்வாறிருக்க, பழி, மீட்பு, பாவம், தூய ஆவி முதலிய பொருள்களை எவ்வாறு உணர்த்துதல் இயலும்? நம் பள்ளியில் நாலாண்டு ஆங்கிலம் பயின்ற மாணவனுக்கே அவற்றை ஆங்கிலத்தில் உணர்த்த வல்லார் எத்தனை பேர்?

செண்டினல் என்பது காவலாளி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். அத்தீவுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர் யாது? தம்மை அவர்கள் எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனர்? உலகில் ஒருவரும் அறியார். பெயர்கூடத் தெரியாத மக்கட்கு மறுபிறப்பை வழங்கப் புறப்படுகின்றோம் என்பது அவ்விளைஞர் உள்ளத்தில் ஒருபோதும் உறுத்தவில்லை போலும்.

அம்மக்கள் ஏன் வில்லெடுக்கின்றனர் என்று வினவுவார்க்கு வரலாறு விடை சொல்லும். 1880 ஆம் ஆண்டில் போர்ட்டுமன் என்னும் ஆங்கில அலுவலர் படையோடு அத்தீவிற் புகுந்து, முதியவர் இருவரையும் சிறுவர் நால்வரையும் பிடித்துப் போர்ட்டு பிளேயருக்குக் கொண்டுபோனார். சின்னாட்களில் அறுவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் மாண்டனர். எஞ்சிய சிறுவரைக் கை நிறையப் பரிசுப் பொருள்களோடு கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினார். பரிசோடு வருவான் ஒருவன் பின்னே சாவு வரும் என்பதை அத்தீவினர் அறிந்தது அன்று. 1991 சனவரியில் மாந்தநூலறிஞர் சிலர் தேங்காய்களை நீரில் மிதக்கவிட, அம்மக்கள் அஞ்சாது இறங்கி வந்து கையாற் பெற்றுக்கொண்டதும் உண்டு. மதுமாலா சட்டோபாத்தியாயர் என்னும் பெண்மணி அக்குழுவில் இருந்தார். ஆயினும் பத்தாண்டு முடியுமுன்னரே அரசு அப்பரிசுச் செலவுகளை நிறுத்திக்கொண்டது. விட்டு விலகியிருத்தலே அம்மக்கட்குச் செய்யும் நன்மை என்று தெளிந்தமையே கரணியம்.

அத்தெளிவுக்கு அந்தமான் கொடுத்த விலை சிறிதன்று. 1858 இல் ஆங்கிலேயர் அங்குச் சிறைக் குடியேற்றம் அமைத்தபோது, பெரிய அந்தமானிய மக்கள் பத்து இனங்களாய், பத்து மொழிகள் பேசி, ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். நல்லெண்ணத்தோடுதான் அவர்கட்கு இல்லங்கள் அமைத்தனர், உடை கொடுத்தனர், கிறித்தவக் குருமார் ஒருவரே அப்பிள்ளைகட்கு ஆங்கிலமும் வழிபாடும் கற்பித்தார். 1877 இல் மணல்வாரி நோய் புகுந்து கூட்டங்கூட்டமாய்க் கொன்றது. 1901 குடிக்கணக்கில் 625 பேர். 1961 இல் 19 பேர். 2010 சனவரி 26 அன்று போவா என்னும் மூதாட்டி இறந்தபோது போ என்னும் மொழி இறந்தது. அவர்தம் மொழியைப் பதிவு செய்த மொழிநூலறிஞர் அன்விதா அப்பி ஒன்று கூறியுள்ளார். தம் மொழியிற் பேச ஆளின்மையால், அம்மூதாட்டி பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பாராம். தமிழன்பர்களே, தாய்மொழி என்று மேடையில் முழங்கும் நாம், அம்முதியவள் பறவைகளை நோக்கி நின்ற நிலையை ஒருகால் உள்ளத்தில் வரைந்து பார்த்தல் வேண்டும்.

சௌ தனிமரமல்லர். அவர் வழிகாட்டியாகக் கொண்டோருள் ஒருவர் சிம் எலியட்டு. 1956 சனவரி 8 அன்று, தென்னமெரிக்காவின் எக்குவதோர் நாட்டில், குராராய் ஆற்று மணற்றிட்டில், எலியட்டும் அவருடன் சென்ற நால்வரும் வேலெறியப்பட்டு மாண்டனர். ஐவரும் இருபத்தேழுக்கும் முப்பத்திரண்டிற்கும் இடைப்பட்ட அகவையினர், மனைவியரை உடையவர். வானூர்தியினின்று வாளியைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பல கிழமை பரிசளித்துப் பழகியபின்னரே இறங்கினர். கையில் துமுக்கி இருந்தும், அம்மக்கள்மேல் அதனைப் பயன்படுத்துவதில்லை என்று முன்னரே உறுதி செய்திருந்தனர். மறத்திலும் அறத்திலும் குறைந்தவரல்லர். ஆயின் அவர்கள் அறிந்த மொழி, தாயுமா என்னும் பெண் சொல்லிக் கொடுத்த சில தொடர்களே. அவளோ இளமையிலேயே தன் இனத்தைவிட்டுத் தப்பி வந்து, அயலார் பண்ணையில் வேற்றுமொழி பேசி வாழ்ந்து, தாய்மொழியைப் பாதி மறந்தவள். அச்சிதைந்த தொடர்களைத்தான் அவ்வைவரும் உருப்போட்டுக்கொண்டு போயினர்.

அம்மக்களை அன்று உலகம் அவுக்கா என்றழைத்தது. கெச்சுவா மொழியில் அஃது 'காட்டுவிலங்காண்டி' என்னும் வசைச்சொல். அவர்கள் தம்மை வாவோரானி என்பர். மாந்தர் என்பது அதன் பொருள். ஐவரும் தம் பெருந்திட்டத்திற்கு இட்ட பெயரிலேயே அவ்வசைச் சொல் இருந்தது.

இவ்வரலாற்றின் பிற்பகுதியை வழிபாட்டுக் கூட்டங்களிற் கண்ணீர் மல்கச் சொல்வர். 1958 இல் எலியட்டின் மனைவி எலிசபெத்து தம் சிறுமகளோடும், மாண்ட மற்றொருவரின் தமக்கை இரேச்சலோடும் அக்காட்டிற்கே சென்று, கணவனைக் கொன்றாரிடையே வாழ்ந்து, அம்மொழியைக் கற்றார். அது பெருஞ்செயல், ஐயமில்லை. அதன்பின் நிகழ்ந்ததை அக்கூட்டங்களில் எவரும் சொல்லார். சிதறி வாழ்ந்த மக்களை ஒரே குடியிருப்பில் திரட்டினர். அவர்கள் விட்டுப்போன காட்டிற் பாறைநெய்க் குழுமங்கள் புகுந்தன. 1969 இல் இளம்பிள்ளை முடக்குநோய் அக்குடியிருப்பைத் தாக்கிப் பதினாறு பேரைக் கொன்றது. மேலும் பலரை முடமாக்கியது. பின்னர் அவ்விடையூழிய நிறுவனமே அனுப்பிய மாந்தநூலறிஞர் ஒருவர், மக்கள் அயலாரையே எதிர்பார்த்து வாழும் நிலைக்கு வந்துவிட்டனர் என்று கண்டார். இன்று வாவோரானி மக்கள் தமக்காகத் தாமே பேசுகின்றனர். 2019 ஏப்பிரலில் தம் காட்டைப் பாறைநெய்க்கு ஏலமிடுவதை எதிர்த்து முறைமன்றில் வென்றனர். அவ்வழக்கில் முன்னின்ற நெமோந்தே நெங்கிமோ என்னும் பெண்மணி, விடையூழியரிடையே வளர்ந்த தம் இளமையைப் பற்றி 2024 இல் நூலொன்றும் வெளியிட்டுள்ளார். ஐவரைப் பற்றி வெளிவந்த நூல்களையும் திரைப்படங்களையும் கற்றோர், இவர் சொல்வதையும் ஒருமுறை கேட்டல் முறையன்றோ?

இவை உயிர்போன நிகழ்ச்சிகள். உயிர்போகாத செலவுகளே மிகப்பல. அமெரிக்காவினின்று மட்டும் ஆண்டுதோறும் பதினைந்து இலக்கத்திற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் இளைஞர், ஒரு கிழமை இரு கிழமையளவில் ஏழைநாடுகட்குத் திருத்தொண்டுச் செலவு செல்வதாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்ந்தோர் கணித்தனர். சுவருக்கு வண்ணம் பூசுவர், செங்கல் சுமப்பர், சிறுவரைத் தோளில் ஏற்றி ஒளிப்படம் எடுத்துக்கொள்வர், கண்கலங்கி விடைபெறுவர். 1998 இல் மிட்சு என்னும் சூறாவளி ஆண்டூராசு நாட்டைச் சிதைத்தபின் இவ்வாறு பலர் சென்று வீடு கட்டினர். அந்நாட்டிலேயே வாழும் வெர்பீக்கு என்னும் கிறித்தவப் பேராசிரியர் இதனை ஆய்ந்து 2006 இல் வெளியிட்டார். உள்ளூர்க் கிறித்தவ அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 தாலரிற் கட்டி முடித்தது. அமெரிக்கக் குழுவொன்று வந்து அதே வீட்டைக் கட்டியபோது, வழிச்செலவும் சேர்த்து ஏறத்தாழ 30,000 தாலர் ஆயிற்று. வீடு பெற்றோர் வாழ்விலோ கட்டிச் சென்றோர் வாழ்விலோ நிலைத்த மாற்றம் மிகுதியாகக் காணப்படவில்லை. அவ்வூர்க் கொத்தனார்க்கும் தச்சர்க்கும் கூலியாய்ச் சென்றிருக்க வேண்டிய பொருள் வானூர்திக் கட்டணமாய் எரிந்தது.

எயிட்டி நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 2010 சனவரி 12 நிலநடுக்கத்திற்குப் பதினேழு நாள் கழித்து, அமெரிக்கத் திருமுழுக்குச் சபையினர் பதின்மர், 33 குழந்தைகளைத் தக்க தாள்களின்றி நாட்டெல்லை கடத்திச் செல்ல முயன்று பிடிபட்டனர். பதின்ம அகவையைத் தாண்டாதோரும் அக்குழுவில் இருந்தனர். தாய்தந்தையற்ற பிள்ளைகளைக் காக்கப் போகின்றோம் என்றே அவர்கள் நம்பினர். வினவிப் பார்த்தபோது, அப்பிள்ளைகளிற் பெரும்பாலார்க்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர். நல்ல பள்ளியிற் படிக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் ஒப்படைத்த குழந்தைகள் அவை. அக்குழந்தைகளின் கிரியோல் மொழியை நன்கறிந்த ஒருவர் அக்குழுவிற் பொறுப்பில் இருந்து, ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் இருத்தி, உன் அம்மா எங்கே என்று கேட்டிருந்தால் போதுமே!

இவற்றையெல்லாம் சமயப் பகைவர் கட்டிய கதை என்று தள்ளுவார்க்கு ஒன்று கூறுவோம். இவ்வகைச் செலவுகளை மிகக் கடுமையாய்க் கண்டித்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். இவான் இல்லிச் என்னும் அவர், மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் நடுவமொன்று நிறுவி, இலத்தீன் அமெரிக்காவிற்குத் தொண்டாற்ற வருவோர்க்கு முதலில் அந்நாட்டு மொழியைக் கற்பித்தார். 1968 ஏப்பிரலில், மெக்சிகச் சிற்றூர்கட்குக் கோடைத்தொண்டு செல்லவிருந்த அமெரிக்க மாணவர் கூட்டத்தில், அவர்தம் நல்லெண்ணத்தையே முகத்திற்கெதிரே சாடினார். காணவும் கற்கவும் வாருங்கள், உதவுகின்றேன் என்று மட்டும் வாராதீர்கள் என்னும் பொருள்பட அவ்வுரை முடிகின்றது. அவ்வுரை அளவிறந்து கடியது என்பது எம் கருத்து. நோயுற்றானுக்கு மருந்தளிக்க வருவானையும் அது விலக்கிவிடும். ஆயினும் மொழியை முன்வைத்த அவர் முறை சரியானது.

இனி, எம்மை நோக்கி ஒரு வினா எழும், எழத்தான் வேண்டும். போப்பையரையும் வீரமாமுனிவரையும் கால்டுவெல்லையும் நாள்தோறும் போற்றும் நீவிர், விடையூழியரைக் குறைகூறத் தகுதியுடையிரோ என்று கேட்பர். அவர்களும் இளமையிற் கடல் கடந்து, மதம் பரப்ப வந்தவரே அல்லரோ?

ஆம், அவ்வாறே வந்தனர். 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குக்கு அகவை இருபத்துமூன்று; மறுநாள் இருபத்துநான்கு தொடங்கிற்று. சௌவினும் இளையவர். அவர் செய்த முதல் வேலை யாது? திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் அகர ஆகாரம் எழுதினார். இரண்டாண்டிற்குள் தாம் ஈட்டிய தமிழ் ஏடுகட்குப் பட்டியல் எழுதி மேலைநாட்டிற்கு அனுப்பினார். 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஏழைக் கைம்பெண் ஒருத்திக்காகப் பரிந்துபேசி, தென்மார்க்குக் கோட்டைத் தலைவரையே பகைத்துச் சிறையிருந்தார். 36 ஆம் அகவையில் இம்மண்ணிலேயே மாண்டு இம்மண்ணிலேயே புதைந்தார். அவர் நம் முன்னோர் சமயத்தை மெய்யென ஒப்பினாரல்லர். அதனை மாற்றவே வந்தார். ஆயினும், மாற்றுமுன் அறிதல் வேண்டும் என்றெண்ணி, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713 இல் பெருநூல் யாத்தார். அவரை அனுப்பியோர்க்கு அது பிடிக்கவில்லை. அந்நூல் 1867 இல் தான் சென்னையில் அச்சேறியது. அனுப்பியோர் விரும்பியது வேறு. மொழி அவர்க்குக் காட்டியது வேறு. கற்றவன் தானும் மாறுகின்றான். கல்லாதவன் பிறரை மட்டுமே மாற்ற விரும்புகின்றான். போப்பையரைப் போற்றுவதும் சௌவின் செலவைப் பிழை என்பதும் எமக்கு ஒரே அளவுகோலின்பாற் பட்டன.

1965 இல், இருபத்துநான்கு அகவையில் ஒடிசாவிற்கு வந்த கிரகாம் சுடெயின்சு என்னும் ஆசுத்திரேலியர், ஒடியமொழி சரளமாய்ப் பேசித் தொழுநோயாளரிடையே முப்பத்துநான்கு ஆண்டு உழைத்தார். 1999 சனவரியில், வண்டியிற் படுத்துறங்கிய அவரையும் அவருடைய சிறுமைந்தர் இருவரையும் ஒரு கொடிய கும்பல் உயிரோடு எரித்தது. அவ்விரு பிள்ளைகளில் இளையவனுக்கு அகவை ஆறு. மதமாற்றம் மதமாற்றம் என்று கூச்சலிடுவோர் பக்கம் யாம் நிற்பதாக எவரும் மயங்கற்க. அக்கூச்சலிடுவோரே மலைமக்கள் பிள்ளைகட்கு இந்தியை ஊட்டி, அவர்தம் தெய்வங்கட்கு வடமொழிப் பெயரிட்டு வருகின்றனர். ஏசுவின் பெயரால் மொழி அழிந்தாலும் இராமனின் பெயரால் அழிந்தாலும் அழிவு அழிவே.

இவ்வளவும் எழுதியது எங்கோ உள்ளார் குறையைப் பேசிக் களித்தற்கன்று. நெல்லையினின்றும் குமரியினின்றும் தமிழ்க் கிறித்தவ இளைஞர் பலர், வடபால் மலைநாடுகட்குத் திருத்தொண்டு செல்கின்றனர். விடுமுறையிற் சின்னாட் செலவாகச் செல்வோரும் உளர். அவர்கள் செல்லுமிடங்களுள் ஒன்று சார்க்கண்டு மாநிலத்து இராசமகால் குன்றுகள். மலைக்காய்ச்சலும் கருங்காய்ச்சலும் தலைமுறை தலைமுறையாய் ஆளை உருக்கிய இடம். பள்ளியும் மருத்துவமனையும் எட்டாத மேடு. அங்கு நிலையாய்த் தங்கி மருந்தளித்துப் பிள்ளைகளைக் கற்பித்த நம்மவர் உழைப்பை எவர் மறுப்பினும் யாம் மறுக்கோம்.

ஆனால், இளைஞர்காள், நீவிர் செல்லும் அம்மலையில் வாழ்வார் யாரென்று அறிவீரோ? இந்தியில் அவர்களைப் பகாடியர் என்பர். மலைவாழ்நர் என்பது பொருள். அவர்கள் தம்மைத் தாமே மலேர் என்பர். மலை என்னும் நம் சொல் அதனுள் ஒலிப்பதைக் கேளுங்கள்! அவர்கள் பேசும் மால்தோ, தமிழோடு ஒரே குடும்பத்து மொழி. வங்கத்திற்கும் பீகாருக்கும் இடையே, ஆரிய மொழிகளும் சந்தாலியும் சூழ, ஈராயிரங் கிலோமீற்றருக்கு அப்பால் தனித்து நிற்கும் நம் உடன்பிறப்பு. கண்ணை அவர்கள் கனு என்பர். ககரம் மட்டும் அடித்தொண்டையினின்று எழும். பல்லைப் பலு என்பர். மரத்தை மனு என்பர். நம் பழைய நூல்களில் வரும் மரன் என்னும் வடிவை நினைக. நீரை அமு என்பர்; அம் என்பது நீரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்று எம் மாணாக்கர்க்கு யாம் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை; அம்மலையிலோ சிறுபிள்ளையும் அதனையே வழங்குகின்றது. எண்ணுப்பெயரில் ஒன்றும் இரண்டுமே இன்று அவர்கள் சொந்தச் சொற்கள். மூன்று முதல் யாவும் வடபாற் கடன். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 2,34,000 பேர். பிள்ளைகள் பள்ளியிற் பயில்வதோ இந்தி.

இம்மொழிக்கு முதன்முதல் விரிவாய் இலக்கணம் எழுதியவர் துரோசு என்னும் செருமானிய விடையூழியர்; ஆண்டு 1884. அயல்நாட்டார் ஒருவர் அக்குன்றுகளில் ஆண்டுக்கணக்கிற் காய்ச்சலோடு வாழ்ந்து அதனைச் செய்தார். அம்மொழியின் உடன்பிறப்பைத் தாய்மொழியாகக் கொண்ட நம் இளைஞர், இந்திப் பாட்டுப் பொத்தகத்தோடு அங்கு ஏறுவரேல், அவர்கள் கொண்டு செல்வது நற்செய்தி மட்டுமன்று. அம்மொழியின் முடிவையும் உடன்கொண்டு செல்கின்றனர். இந்தித் திணிப்பை எதிர்த்து 1965 இல் தமிழ்நாட்டு மாணவர் குண்டடிபட்டு மாண்டனர். அம்மாணவரின் பெயரன்மார், தம் உடன்பிறப்பு மொழியின்மேல் இந்தியைத் தம் கையாலேயே ஏற்றுவதோ? அவர்கள் அதனை அறியாமற் செய்கின்றனர். அறியாமை போக்குதல் எம்போலும் ஆசிரியர் கடமை. அதனை இதுவரை எவரும் செய்திலர்.

ஆகலின், இளைஞரை அனுப்பும் திருமன்றங்களை நோக்கி எம் வேண்டுகை இது. பதினைந்து நாட் செலவுக்கு ஆகும் தொடர்வண்டிக் கட்டணத்தைக் கொண்டு, ஓர் இளைஞரை அல்லது ஓர் இளம்பெண்ணை ஓராண்டு அங்குத் தங்க வையுங்கள். அவ்வோராண்டும் அவர் ஓதவும் வேண்டா, திருமுழுக்குக் கொடுக்கவும் வேண்டா. மலேர்ப் பாட்டிமார் காலடியில் அமர்ந்து சொல் ஈட்டினாற் போதும். பாட்டு, விடுகதை, நோய்களின் பெயர், மரஞ்செடிகளின் பெயர், உறவுமுறைப் பெயர் யாவற்றையும் எழுதிக்கொள்க. அதன்பின் அவர் நற்செய்தி சொல்ல விரும்பின், கேட்பதும் மறுப்பதும் அம்மக்கள் உரிமை. எச்சொல்லை மறுக்கின்றோம் என்றாவது அவர்கட்கு விளங்கும்.

தமிழ்வழியே மால்தோ கற்றற்கு ஒரு கையேடு அணியப்படுத்த விரும்புகின்றோம். துரோசின் இலக்கணத்தைக் கொண்டு அரிச்சுவடிப் பகுதியைத் தொடங்கியுள்ளோம். ஆயினும் அது நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட நூல், வழக்கு மாறியிருக்கும். அக்குன்றுகளிற் பணியாற்றித் திரும்பிய அன்பர்கள், எச்சமயத்தவராயினும், தாம் செவியாற் கேட்ட சொற்களையும் தொடர்களையும், கேட்ட ஊர்ப்பெயரோடு தமிழெழுத்தில் எழுதியனுப்புவாராக. அடித்தொண்டைக் ககரத்தின்கீழ் ஒரு கோடிட்டுக் காட்டினாற் போதும். வருந் திங்கள் முதல் அவற்றை இவ்விதழின் இறுதிப் பக்கத்தில் வெளியிடுவோம்.